கொழும்பில் புதிதாக விஞ்ஞானம் கற்பிக்கப் போகிறவர், வழியில் எழும் கேள்விகளை வகுப்புக்குக் கொண்டுசெல்வது எப்படி?

நியமனக் கடிதத்தோடு கொழும்பிலுள்ள ஒரு கல்லூரிக்கு விஞ்ஞான ஆசிரியராக வந்து சேருபவருக்கு, தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூலும் எதைக் கற்பிக்க வேண்டும், எந்த ஒழுங்கில் கற்பிக்க வேண்டும் என்பதைத் தெளிவாகவே சொல்லிவிடும். ஆனால், பிள்ளை தலையை நிமிர்த்தி "ஏன்?" என்று கேட்கும் அந்தக் கேள்வியை எந்தப் பாடநூலும் முழுமையாகக் கொடுப்பதில்லை. அது பெரும்பாலும் வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலுள்ள வீதியிலும், சமையலறையிலும், கடற்கரையிலும் கிடக்கிறது. அதை எடுத்து, சோதித்து, பாடவேளை ஒன்றுக்குள் அடக்கும் முறையை இங்கே எழுதுகிறேன். தரம் 6 முதல் 11 வரை தமிழ்மொழி மூலம் கற்பிப்பவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன் என்றாலும், உயர்தரத்தில் பௌதிகவியலோ இரசாயனவியலோ எடுப்பவர்களுக்கும் இது பயன்படும்.

முதலில் பைக்குள் அடங்கும் சிறிய கொப்பி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணில் பட்ட விந்தையை, பட்ட இடத்தோடும் நேரத்தோடும் அன்றே குறித்துவையுங்கள். கேட்டது ஒரு பிள்ளை என்றால், அந்தப் பிள்ளையின் சொற்களிலேயே குறியுங்கள். விடையை மட்டும் அன்றைக்கு எழுத வேண்டாம், ஏனெனில் விடை எழுதப்பட்ட பக்கத்தை மீண்டும் புரட்டும்போது நமக்கே கேள்வி சப்பென்று தெரியும். காலிமுகத்திடலில் நின்று பார்த்தால், துறைமுகத்துக்கு வெளியே தூரத்தில் நிற்கும் கப்பலின் மேற்தட்டு தெரிகிறது, அடிப்பாகம் தெரிவதில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து வீட்டு யன்னல் கம்பி துருப்பிடிக்கும் வேகத்துக்குக் கண்டியில் துருப்பிடிப்பதில்லை. கொழும்பில் போத்தலுக்குள் தண்ணீர்போல ஓடும் தேங்காய் எண்ணெய், நுவரெலியாவில் உள்ள உறவினர் வீட்டில் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. பேரே வாவியின் நீர் பச்சையாக இருக்கிறது. இவை எல்லாமே கொப்பிக்குள் போகத் தகுந்தவை.

ஆனால் எல்லாமே வகுப்புக்குத் தகுந்தவை அல்ல. பாடவேளை ஒன்றுக்குள், கையில் உள்ள பொருளைக் கொண்டு செய்துகாட்ட முடியுமா, செய்வதற்கு முன்னர் பிள்ளைகளால் "இப்படித்தான் நடக்கும்" என்று ஊகிக்க முடியுமா, நடத்திக்கொண்டிருக்கும் அலகோடு அது ஒட்டுமா என்று பாருங்கள். இவற்றில் நான் அதிக நிறை கொடுப்பது ஊகத்துக்குத்தான். ஊகிக்க இடம் தராத பரிசோதனை எவ்வளவு அழகாகப் பொங்கி வழிந்தாலும் அது வேடிக்கையாகவே முடிந்துவிடும். பேரே வாவியின் பச்சை நிறம் நற்போசணையாக்கத்துக்கு மிகச் சிறந்த உதாரணம். கழிவுநீரோடு வந்து சேரும் நைத்திரேற்றும் பொசுபேற்றும் அல்காக்களைப் பெருகச் செய்கின்றன. எனினும் அந்த நீரைப் பிள்ளைகள் கையால் அள்ளுவதை நான் விரும்பமாட்டேன். படத்தை வைத்துப் பேசினாலே போதும்.

ஒரு கேள்வியை எப்படி வளர்ப்பது என்பதற்கு மஞ்சள் கறையை எடுத்துக்கொள்வோம். வெள்ளைச் சீருடையில் மதியச் சாப்பாட்டுக் கறி சிந்தாத பிள்ளை இந்த நகரத்தில் இல்லை. "மிஸ், அம்மா சவர்க்காரம் போட்ட உடனே மஞ்சள் கறை ஏன் சிவக்குது?" என்று தரம் 7 இல் ஒரு பிள்ளை கேட்டால், உடனே "மஞ்சள் ஒரு காட்டி, அதாவது அமிலத்தையும் காரத்தையும் நிறமாற்றத்தால் காட்டும் பொருள்" என்று சொல்லிவிடாதீர்கள். பழைய பாடசாலைச் சட்டை ஒன்றிலிருந்து உள்ளங்கை அளவில் நான்கு துண்டுகள் வெட்டி, சிறிது மஞ்சள் தூளைச் சூடான நீரில் கரைத்துத் தோய்த்து, நிழலில் உலர்த்திக் கொண்டுசெல்லுங்கள். வெயிலில் உலர்த்த வேண்டாம், மஞ்சளின் நிறப்பொருள் ஒளியில் வெளிறும். வகுப்பில் ஒரு துண்டில் சலவைச் சவர்க்காரத்தைத் தேயுங்கள். தேய்த்த இடம் செங்கபில நிறமாக மாறுவது பின்வரிசைக்கும் தெரியும். இப்போது பிள்ளைகளிடம் காரணத்தை ஊகிக்கச் சொன்னால், "நுரைதான் காரணம்" என்று பலரும் சொல்லக்கூடும். அந்த ஊகத்தைப் பிழை என்று அடிக்காமல், இரண்டாவது துண்டில் ஷாம்பு இட்டு நன்றாக நுரைக்கத் தேயுங்கள். பல ஷாம்புகள் நடுநிலைக்கு அண்மையில் அல்லது சற்று அமிலமாக இருப்பதால், நுரை பொங்கியும் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். மூன்றாவது துண்டில் நுரையே இல்லாத அப்பச்சோடா அல்லது சுண்ணாம்பு நீரை விட்டால் நிறம் மாறும். பிறகு சவர்க்காரம் பட்ட துண்டில் தேசிக்காய்ச் சாற்றைப் பிழிந்தால், சிவப்பு போய் மஞ்சள் திரும்பி வருவதைக் காணலாம். நுரையல்ல, காரம்தான் காரணம் என்பதைப் பிள்ளைகள் தாமாகவே சொல்வார்கள். நான்காவது துண்டை ஒன்றும் செய்யாமல் கரும்பலகையில் குத்திவைத்திருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு ஏன் தேவை என்ற பாடத்தை அது தனியாக நடத்தும். காட்டி என்ற சொல்லை இதற்குப் பின்னர் எழுதினால் போதும். அடுத்த நாள் செவ்வரத்தம்பூவின் சாற்றையும் பாசிச்சாயத்தாளையும் (லிட்மஸ் தாள்) கொண்டுவந்தால், பிள்ளைகள் ஊகத்தை உங்களுக்கு முன்னரே சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

எந்தப் பரிசோதனையையும் வகுப்புக்கு முதல் நாள், வகுப்பில் பயன்படுத்தப் போகும் அதே பொருளைக் கொண்டு ஒருமுறை செய்துபாருங்கள். வெண்கட்டியில் வினாகிரியை விட்டால் காபனீரொட்சைட்டு குமிழியாக வெளிவரும் என்று பலரும் நம்பியிருப்பார்கள். அந்த வெண்கட்டி கல்சியம் காபனேற்றாக இருந்தால் அது சரி. இன்று கடைகளில் கிடைக்கும் வெண்கட்டிகளில் பல, ஜிப்சம் எனப்படும் கல்சியம் சல்பேற்றால் ஆனவை. அவை வினாகிரியில் பேசாமல் கிடக்கும். முட்டைக்கோதைப் பயன்படுத்தினால் குமிழி நிச்சயம். வீட்டில் இரண்டையும் பார்த்துவிட்டு வந்தவருக்கு, குமிழி வராத வெண்கட்டியும் ஒரு நல்ல கேள்வியாகிவிடும்.

கொழும்பு ஆசிரியருக்கு ஆண்டில் இரண்டு முறை மட்டும் கிடைக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. அதைத் தவறவிட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். கொழும்பு ஏறத்தாழ வட அகலாங்கு 6.9 பாகையில் இருப்பதால், ஏப்ரல் 7 அளவிலும் செப்டெம்பர் 5 அளவிலும் சூரியன் நமது தலைக்கு நேர் மேலே வருகிறது. அன்று நண்பகலில் செங்குத்தாக நிற்கும் கம்பத்துக்கு நிழல் இராது. ஏப்ரல் நாள் சில ஆண்டுகளில் புத்தாண்டு விடுமுறையோடு மோதக்கூடும், ஆகையால் செப்டெம்பர் நாளையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். முகில் மூடினாலும் மனம் தளர வேண்டாம்: ஒரு நாள் முந்தினாலோ பிந்தினாலோ, ஒரு மீற்றர் உயரமான தடியின் நிழல் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர்தான் இருக்கும்.

தும்புத்தடியின் கம்பை ஒரு மீற்றருக்கு அளந்து வெட்டி, மட்டமான சீமெந்துத் தரையில் நிறுத்துங்கள். அது செங்குத்தாக நிற்கிறதா என்பதை மேசன்மார் பயன்படுத்தும் தூக்குக்குண்டைக் கொண்டு இரண்டு பக்கத்திலிருந்தும் பாருங்கள். பன்னிரண்டு மணிக்கே நிழல் மறையும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள், ஆனால் ஏப்ரலில் அது மறைவது 12.12 அளவில்தான். இலங்கையின் நேரம் கிழக்கு நெடுங்கோடு 82.5 பாகைக்கு உரியது; அந்தக் கோடு தீவுக்குக் கிழக்கே கடலில் செல்கிறது. கொழும்பு அதற்கு ஏறத்தாழ 2.6 பாகை மேற்கே இருப்பதால், ஒரு பாகைக்கு 4 நிமிடமாகக் கிட்டத்தட்ட 10½ நிமிடம் இங்கே பிந்துகிறது. மீதி, பூமி சூரியனைச் சீரற்ற வேகத்தில் நீள்வட்டமாகச் சுற்றுவதாலும் அதன் அச்சுச் சாய்வாலும் வருவது. 1996 இல் இலங்கை கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006 இல் மீண்டும் பழைய நேரத்துக்கு வந்தது என்பதை இந்த இடத்தில் சொன்னால், கடிகாரம் மனிதர் வைத்த ஒழுங்கு, நண்பகல் சூரியன் வைத்த ஒழுங்கு என்பது பிள்ளைகளுக்கு விளங்கும். சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்பதை மாத்திரம் தொடக்கத்திலும் இடையிலும் சொல்லிக்கொண்டே இருங்கள். எல்லாக் கண்களும் தரையில் இருக்க வேண்டும்.

இதை இன்னும் ஒரு படி உயர்த்தலாம். உங்கள் வகுப்பில் யாழ்ப்பாணத்தில் பெரியம்மாவோ மாமாவோ இல்லாத பிள்ளைகள் குறைவு. அதே நாளில், அதே நேரத்தில், அங்கே ஒரு மீற்றர் தடியை நிறுத்தி நிழலை அளந்து சொல்லும்படி முதல் நாளே தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள். யாழ்ப்பாணம் கொழும்புக்கு ஏறத்தாழ நேர் வடக்கே இருப்பதால் இரண்டு இடத்திலும் நண்பகல் ஒரு நிமிட வித்தியாசத்துக்குள் வருகிறது. அங்கே நிழல் வடக்கு நோக்கி ஏறத்தாழ 48 மில்லிமீற்றர் விழும். அதற்குரிய கோணம் 2.75 பாகை அளவில் இருக்கும். இரண்டு நகரங்களுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். 360 ஐ 2.75 ஆல் வகுத்து 300 ஆல் பெருக்கினால், பூமியின் சுற்றளவான 40,000 கிலோமீற்றருக்கு மிக அருகில் ஒரு விடை வரும். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னர் எகிப்தில் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் செய்த கணிப்பு இதுவே. இங்கே இரண்டு இடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள், அந்த இரண்டு இடத்திலும் நின்று பேசுங்கள். ஒன்று, பஸ்ஸில் போகும் வீதியின் தூரத்தைப் போட்டுவிடுவார்கள். அது 400 கிலோமீற்றருக்குக் கிட்ட வருவதால் பூமி மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். மற்றது, நிழலின் நுனி கூராக இராது. சூரியன் வானத்தில் அரைப் பாகை அகலம் கொண்டதால், ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் நிழலின் விளிம்பு ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் அகலத்துக்கு மங்கலாக இருக்கும். அந்த மங்கலின் நடுவை எடுக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் தவறினால் விடை நூற்றுக்கு இரண்டு அளவில் தவறும். அளவீட்டு வழு என்ற தலைப்பை இதைவிட நன்றாக விளக்கும் சந்தர்ப்பம் பாடத்திட்டத்தில் வேறெங்கும் கிடைக்காது என்பது என் எண்ணம்.

காலிமுகத்திடலில் கண்ட கப்பல் கேள்வி இதற்குத் தங்கை: கப்பலின் அடிப்பாகத்தை மறைப்பதும் பூமியின் வளைவுதான். கடற்கரை மணலில் நிற்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து 2 மீற்றர் உயரத்தில் இருந்தால், அவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ 5 கிலோமீற்றரில் முடிகிறது. 16 மீற்றர் உயரமான மாடியில் நின்றால் அது 14 கிலோமீற்றருக்குப் போய்விடும். கடலோர மாடி வீட்டில் வசிக்கும் பிள்ளை ஒரே கப்பலை மாடியிலும் மணலிலும் நின்று பார்த்து வரைந்து வந்தால், வகுப்பு வேலையில் பாதி முடிந்துவிடும்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி மின்னல் வரும் காலத்தில் ஒலியின் வேகத்தை எடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று செக்கன் என்றால் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். இந்த எண்ணிக்கை கட்டடத்துக்குள் இருந்தே நடக்க வேண்டும். முப்பது செக்கனுக்குள் இடி கேட்டால் மைதானத்தில் எவரும் நிற்கக் கூடாது.

விடை தெரியாத கேள்வி வரும்போது, "எனக்குத் தெரியாது, வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, வகுப்பின் முன்னாலேயே கொப்பியில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை கட்டாயம் சொல்லுங்கள். சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது பாடசாலை மரத்தில் குயில் கூவ, காகங்கள் அதைத் துரத்துவது ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு, குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது என்பதோடு நிறுத்திவிடாமல், எந்த மரத்தில், எத்தனை மணிக்குத் துரத்தியது என்று ஒரு வாரம் எழுதி வரச் சொல்லலாம்.

தரம் 11 மட்டும் வேறு கணக்கு. சாதாரண தரப் பரீட்சை முன்னால் நிற்கும்போது பெற்றோர் கடந்தகால வினாத்தாளைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பு நியாயமானது, அதை மதிக்க வேண்டும். ஆகவே அந்த வகுப்புக்கு, வினாத்தாளில் ஏற்கெனவே வரக்கூடிய பகுதியோடு நேரே ஒட்டும் கேள்வியை மட்டும் எடுத்து, இரட்டைப் பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில் வையுங்கள். கொழும்பில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், 1,868 மீற்றர் உயரமான நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கிறது. அங்கே பருப்பு அவிய ஏன் அதிக நேரம் எடுக்கிறது, அமுக்க அடுகலன் அதை எப்படித் தீர்க்கிறது என்பதை அமுக்கம், கொதிநிலை என்னும் இரண்டு சொற்களையும் பயன்படுத்தி நான்கு வரியில் எழுதச் சொல்லி, அந்த விடைக்கு அன்றே புள்ளியிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.