அணு மாதிரிகளின் வரலாற்றைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அணுவைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாற்றைப் பெரும்பாலோர் ஒரு பெயர் வரிசையாகவே மனப்பாடம் செய்கிறார்கள்: டால்டன், தாம்சன், ரூதர்ஃபோர்டு, போர், ஷ்ரோடிங்கர். ஒருவர் சொன்னதை அடுத்தவர் தவறென்று காட்டினார், அவர் சொன்னதை அதற்கடுத்தவர் தள்ளினார் என்ற அளவில் கதை முடிந்துவிடுகிறது. உண்மையில் ஒவ்வொரு மாதிரியும் அந்தந்தக் காலத்தில் கையில் இருந்த ஏதோ ஓர் அளவீட்டுக்குச் சொல்லப்பட்ட விளக்கமாகும். அந்த அளவீடு எது என்பதை விட்டுவிட்டு மாதிரியின் படத்தை மட்டும் படித்தால், மதிப்பெண் கிடைக்கலாம், அணு புரியாது. மாணவர்களும், சில வேளைகளில் பாடக் குறிப்பு எழுதுவோரும் செய்கிற தவறுகளில் பல இந்த ஒரு குறையிலிருந்தே முளைக்கின்றன.

முதல் தவறு, டெமாக்ரிட்டஸையும் கணாதரையும் டால்டனுக்கு முன்னோடிகள் என்று ஒரே கோட்டில் நிறுத்துவது. பொருளைப் பிரித்துக்கொண்டே போனால் எங்கோ ஓரிடத்தில் அது நின்றாக வேண்டும் என்பது பழைய சிந்தனையாளர்களின் தர்க்கம். அந்தத் தர்க்கத்துக்கு அவர்கள் தராசைத் துணைக்கு அழைக்கவில்லை. டால்டன் தொடங்கியதே எடையிலிருந்துதான். 12 கிராம் கார்பன் 16 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடும், 32 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கின்றன. இரண்டாவது எடை முதலாவதைப் போலச் சரியாக இருமடங்கு, 1.7 மடங்கோ 2.3 மடங்கோ அல்ல. பொருள் எண்ணத்தக்க துகள்களாக இருந்தால்தான் இப்படி முழு எண்கள் வரும். அதே டால்டன், நீர் என்பது ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது என்று எடுத்துக்கொண்டதால், 1808இல் ஆக்சிஜனின் அணு எடையை 7 என்று கொடுத்தார். இதைச் சரிசெய்வதற்கான வழியை 1811இல் அவகாட்ரோ காட்டியும், 1860இல் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் கன்னிசாரோ அதை மீண்டும் எடுத்துரைத்த பிறகே வேதியியலாளர்கள் பரவலாக ஏற்றார்கள். டால்டனோடு அணு நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று எழுதுவதும் சரியல்ல. ஆஸ்ட்வால்டு போன்ற முதன்மையான வேதியியலாளர்கள், பிரௌனியன் இயக்கத்துக்கு (நீர்மத்தில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத தாறுமாறான அசைவுக்கு) ஐன்ஸ்டீன் 1905இல் தந்த விளக்கத்தைப் பெரின் துல்லியமாக அளந்து உறுதிப்படுத்திய காலத்தில்தான், அதாவது ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்துத்தான், அணு உண்மையில் உள்ளது என்பதை ஏற்றுக்கொண்டார்கள்.

தாம்சன் 1897இல் எலக்ட்ரானின் நிறையைக் கண்டுபிடித்தார் என்ற வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது. அவர் எதிர்மின்வாய்க் கதிர்களில் அளந்தது மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை மட்டுமே. குழாயில் எந்த வாயு இருந்தாலும், மின்வாய் எந்த உலோகத்தால் ஆனதாக இருந்தாலும் அந்த விகிதம் மாறவில்லை என்பதுதான் அவருடைய முடிவின் உயிர்நாடி. எல்லாப் பொருள்களிலும் ஒரே துகள் இருக்கிறது என்று சொல்லும் துணிவை அதுவே தந்தது. மின்னூட்டத்தின் மதிப்பை மில்லிகன் எண்ணெய்த் துளிச் சோதனையில் நுட்பமாக அளந்த பிறகே நிறையையும் நம்பகமாகக் கணக்கிட முடிந்தது. பழச்சதைக்குள் விதைகள் பதிந்து கிடப்பது போன்ற அந்தப் புகழ்பெற்ற படமும் தாம்சனுக்கு நியாயம் செய்வதில்லை. 1904இல் அவர் முன்வைத்த மாதிரியில் எலக்ட்ரான்கள் வளையங்களாகச் சுழன்றுகொண்டிருந்தன. எத்தனை எலக்ட்ரான்கள் இருந்தால் வளையம் நிலைத்திருக்கும் என்று அவர் கணக்கிட்டார், அந்த அமைப்புகள் மீண்டும் மீண்டும் வருவதில் தனிம வரிசையின் சாயலையும் கண்டார்.

மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, கதிரியக்கப் பொருள் உமிழும் ஆல்பா துகள்கள் என்ற நேர்மின் துகள்களை மெல்லிய தகட்டின் மீது செலுத்திய தங்கத் தகட்டுச் சோதனைதான் என்பது என் கருத்து. பெரும்பாலான ஆல்பா துகள்கள் நேராக ஊடுருவிச் சென்றதால் அணு வெற்றிடமாக உள்ளது என்று ரூதர்ஃபோர்டு கண்டார் என எழுதப்படுகிறது. ஆனால் தாம்சனின் மாதிரி சரியாக இருந்தாலும் ஆல்பா துகள்கள் ஏறத்தாழ நேராகவே போயிருக்கும். நேர்மின்னூட்டம் அணு முழுவதும் பரவியிருக்கும்போது எந்த இடத்திலும் வலுவான விசை இராது. ஆகவே நேராகப் போனவை மட்டுமே இரண்டு மாதிரிகளையும் பிரித்துக் காட்டமாட்டா. பிரித்துக் காட்டியவை திரும்பி வந்த மிகச் சில துகள்கள். மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டெனும் இருட்டறையில் உட்கார்ந்து, துத்தநாக சல்பைடு பூசிய திரையில் மின்னி மறையும் ஒளிப்புள்ளிகளை நுண்ணோக்கி வழியே ஒவ்வொன்றாக எண்ணினார்கள். 1909இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, பிளாட்டினத் தகட்டில் விழுந்த ஆல்பா துகள்களில் சுமார் 8000இல் ஒன்று 90 பாகைக்கு மேல் திரும்பியது. தங்கம் மட்டுமல்லாமல் ஈயம், வெள்ளி, செம்பு, இரும்பு, அலுமினியம் முதலிய பல உலோகங்களையும் அவர்கள் சோதித்தார்கள் என்பது பாடங்களில் விடுபட்டுப் போகிறது; அணு எடை கூடக் கூடத் திரும்பி வரும் துகள்களும் கூடின. சிறு சிறு விலகல்கள் பல சேர்ந்து இவ்வளவு பெரிய கோணத்தை உண்டாக்குவதற்கான வாய்ப்பு இல்லை என்றே சொல்லத்தக்க அளவுக்குக் குறைவு என்பதையும், ஒரே மோதலில் இது நிகழ வேண்டுமானால் மின்னூட்டம் முழுவதும் மிகச் சிறிய இடத்தில் குவிந்திருக்க வேண்டும் என்பதையும் 1911ஆம் ஆண்டுக் கட்டுரையில் ரூதர்ஃபோர்டு கணக்கிட்டுக் காட்டினார். அந்த மைய மின்னூட்டம் நேர்மின்னூட்டமா எதிர்மின்னூட்டமா என்பதை அந்தக் கணக்கு சார்ந்திருக்கவில்லை என்றும் அவரே குறிப்பிட்டார்.

இங்கேயே இன்னொரு தவறும் ஒட்டிக்கொள்கிறது. ஆல்பா துகள்கள் அணுக்கருவின் மீது மோதித் தெறித்தன என்கிறார்கள். அவை தங்கத்தின் அணுக்கருவைத் தொடவே இல்லை. அன்று பயன்பட்ட ஆல்பா துகள் நேருக்கு நேர் சென்றாலும் மின்விலக்கு விசையால் சுமார் 3×10⁻¹⁴ மீட்டர் தொலைவிலேயே நின்று திரும்பிவிடும், தங்க அணுக்கருவின் ஆரமோ சுமார் 7×10⁻¹⁵ மீட்டர். எனவே அந்தச் சோதனை சொன்னது அணுக்கருவின் அளவை அல்ல, அது இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது என்ற எல்லையை. ரூதர்ஃபோர்டுக்கு அணுக்கருவுக்காக நோபல் பரிசு கிடைத்தது என்பதும் பிழை. 1908இல் வேதியியலுக்கான பரிசை அவர் பெற்றது கதிரியக்கத்தைப் பற்றிய ஆய்வுகளுக்காக.

1911ஆம் ஆண்டு மாதிரியை வரையும்போது அணுக்கருவுக்குள் புரோட்டான், நியூட்ரான் என்று இரண்டு வண்ண உருண்டைகளைப் போடுவது காலத்தைக் குழப்புவதாகும். நைட்ரஜனிலிருந்து ஹைட்ரஜன் அணுக்கரு வெளிப்படுவதை ரூதர்ஃபோர்டு 1919இல் அறிவித்தார், புரோட்டான் என்ற பெயர் 1920இல் வந்தது, நியூட்ரானைச் சாட்விக் கண்டது 1932இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அணுக்கருவுக்குள்ளேயே எலக்ட்ரான்களும் இருப்பதாகத்தான் இயற்பியலாளர்கள் கருதினார்கள். நைட்ரஜன் அணுக்கரு என்றால் 14 புரோட்டான்களும் 7 எலக்ட்ரான்களும். கோல்ட்ஸ்டைன் 1886இல் புரோட்டானைக் கண்டுபிடித்தார் என்பதும் நம் குறிப்பேடுகளில் வேரூன்றிய ஒரு பிழை. அவர் கண்ட கால்வாய்க் கதிர்கள் குழாயில் இருந்த வாயுவின் நேர் அயனிகள். வாயுவை மாற்றினால் அவற்றின் மின்னூட்ட, நிறை விகிதமும் மாறும். அணு எண் வெறும் வரிசை எண் அல்ல, அளந்து அறியக்கூடிய ஒரு மின்னூட்டம் என்பதை எக்ஸ் கதிர்களின் மூலம் காட்டிய மோஸ்லியை இந்த வரிசையில் பலர் விட்டேவிடுகிறார்கள்.

நீல்ஸ் போரைப் பற்றிய தவறு நுட்பமானது. எலக்ட்ரான் ஏன் அணுக்கருவுக்குள் விழுவதில்லை என்பதைப் போர் 1913இல் விளக்கினார் என்கிறோம். சுற்றிவரும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து ஒரு நொடியின் ஐயாயிரம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் அணுக்கருவில் விழ வேண்டும் என்பது பழைய இயற்பியலின் கணக்கு; சில குறிப்பிட்ட நிலைகளில் அது விழாது என்று போர் ஓர் எடுகோளாக வைத்துக்கொண்டாரே தவிர, அதற்குக் காரணம் காட்டவில்லை. அவர் உண்மையில் விளக்கியது ஹைட்ரஜன் நிறமாலையை, அதாவது ஹைட்ரஜன் வெளியிடும் ஒளிக்கோடுகளின் வரிசையை. 1885இல் பால்மர் வெறும் எண் விளையாட்டைப் போலக் கண்டறிந்த சூத்திரத்தின் மாறிலியை எலக்ட்ரானின் மின்னூட்டம், நிறை, பிளாங்க் மாறிலி ஆகியவற்றிலிருந்தே அவர் பெற்றுவிட்டார். ஹைட்ரஜனுடையவை என்று நம்பப்பட்ட சில கோடுகள் அயனியாகிய ஹீலியத்தினுடையவை என்று அவர் சொன்னபோது, உங்கள் கணக்குப்படி ஹீலியம் அயனிக்கான மாறிலிக்கும் ஹைட்ரஜனுக்கான மாறிலிக்கும் உள்ள விகிதம் 4 ஆக இருக்க வேண்டும், அளவீட்டில் 4.0016 வருகிறதே என்று நிறமாலை ஆய்வாளர் ஃபௌலர் மறுத்தார். அணுக்கருவும் சற்று அசைகிறது என்பதைச் சேர்த்துப் போர் மறுபடி கணக்கிட்டதும் 4.00163 வந்தது. இப்படி ஐந்தாம் இலக்கம் வரை பொருந்திய மாதிரியைத் தோற்றுப்போன மாதிரி என்று ஒரே வரியில் கடந்து போவது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி. அதேசமயம், நடுநிலையான ஹீலியத்தின் இரண்டு எலக்ட்ரான்களிடமே அது திணறியது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியாக, எலக்ட்ரான் மேகம் என்பதை, போர் வரைந்த வட்டப்பாதையில் எலக்ட்ரான் மிக வேகமாகச் சுற்றுவதால் மங்கலாகத் தெரியும் படம் என்று நினைப்பது. போரின் மாதிரியில் ஹைட்ரஜனின் அடிநிலை (மிகக் குறைந்த ஆற்றல் நிலை) எலக்ட்ரானுக்கு h/2π அளவு கோண உந்தம், அதாவது சுழற்சியின் உந்தம், உண்டு (h என்பது பிளாங்க் மாறிலி); 1926இல் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு தந்த விடையில் அது பூச்சியம். சுற்றுதல் என்பதே அங்கே இல்லை. எலக்ட்ரானைக் காண்பதற்கான வாய்ப்பு மிகுதியாக உள்ள தொலைவு மட்டும் போரின் ஆரத்தோடு ஒத்துப்போகிறது, 0.53 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது 10⁻¹⁰ மீட்டர்). ஒரு துகளின் இடமும் உந்தமும் ஒரே நேரத்தில் துல்லியமாக வரையறுக்கப்பட்டிருக்க முடியாது என்று ஹைசன்பர்க் 1927இல் சொன்ன நிச்சயமின்மையையும் கருவிகளின் குறைபாடு என்று விளக்கக் கூடாது. போர் காரணம் சொல்லாமல் விட்ட கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கிறது. எலக்ட்ரானை மேலும் மேலும் சிறிய இடத்துக்குள் அடைக்க முயன்றால் அதன் உந்தத்தின் பரவல் கூடுகிறது, இயக்க ஆற்றல் ஆரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் ஏறுகிறது; மின்கவர்ச்சியால் இறங்கும் ஆற்றலோ ஆரத்துக்கு எதிர்விகிதத்தில் மட்டுமே இறங்குகிறது. இரண்டையும் கூட்டினால் மொத்த ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் ஆரம் அதே 0.53 ஆங்ஸ்ட்ராம், ஆற்றல் −13.6 எலக்ட்ரான் வோல்ட். அதற்கும் உள்ளே போக எலக்ட்ரானுக்கு வெளியிலிருந்து ஆற்றல் கொடுத்தாக வேண்டும்.