எரித்ததிலிருந்து எரிக்காததைக் கழி

தேவனஹள்ளிப் பக்கத்து ராகி வயல் மண் ஒரு பை வந்திருக்கிறது என்று வையுங்கள். அதில் கரிமப் பாஸ்பரஸ், அதாவது மக்கிய இலை, எரு போன்ற உயிர்ப்பொருளோடு பிணைந்த பாஸ்பரஸ், எவ்வளவு? எளிதில் நேராக அளக்க வழியில்லை, கழித்துத்தான் பார்க்க வேண்டும். 1955இல் சாண்டர்ஸ், வில்லியம்ஸ் என்ற மண் ஆய்வாளர்கள் சொன்ன முறை. பெங்களூருக்கு வந்த நாளிலிருந்து நான் செய்துகொண்டிருப்பது இதைத்தான்.

மண்ணை நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, ஒவ்வொன்றும் 1 கிராமாக இரண்டு பங்கு எடுங்கள். ஒன்றை சிலிக்கா குருசிபிளில் (சூடு தாங்கும் கிண்ணம்) போட்டு, உலையில் 550 டிகிரியில் ஒரு மணி நேரம் எரியுங்கள். கரிமப் பொருள் எரிந்துபோய், அதிலிருந்த பாஸ்பரஸ் பாஸ்பேட்டாக நிற்கும். மற்றதை எரிக்காதீர்கள், அதில் அமிலம் கரைப்பது பெரும்பாலும் கனிமப் பாஸ்பேட்டை மட்டும்தான். இரண்டிலும் 50 மி.லி. அரை மோலார் கந்தக அமிலம் ஊற்றி, ஷேக்கரில் 16 மணி நேரம் குலுக்குங்கள். மாலையில் போட்டால் காலையில் வடிகட்டலாம். அமிலம் தயாரிக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் நிறம். வடிநீரில் உள்ள பாஸ்பேட்டை நீல நிறமாக்கி, நீலம் எவ்வளவு அடர்த்தி என்று அளக்கிறோம். வடிநீரில் அமிலம் மிகுந்தால் நீலம் சரியாக வராது. நிறங்காட்டியாகப் பாரா நைட்ரோபீனால் இரண்டு சொட்டு விட்டு, மஞ்சள் தெரியும்வரை சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, மஞ்சள் மறையும்வரை நீர்த்த அமிலம் சொட்டுங்கள். பிறகு நீலம் வரவைக்கும் மாலிப்டேட், ஆன்டிமனி, அஸ்கார்பிக் அமிலக் கலவை. அஸ்கார்பிக் கரைசலை அன்றன்றைக்குத்தான் கலக்க வேண்டும். நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில், 880 நானோமீட்டர் அலைநீளத்தில் படியுங்கள். ஒப்பீட்டுக்கு 0.2195 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் 50 பிபிஎம் (லிட்டருக்கு 50 மி.கி.) பாஸ்பரஸ் கிடைக்கும். அதைப் பல அளவில் நீர்த்துப் படித்து, எந்த நீலத்துக்கு எவ்வளவு பாஸ்பரஸ் என்று காட்டும் வரைகோடு போடுங்கள்.

எனக்கு முதல் வாரம் மண்ணே போடாத குழாய்கூட நீலமாகிவிட்டது. கருவி கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் அதையே திட்டினேன். கடைசியில் பார்த்தால், பாத்திரம் கழுவிய சோப்புத் தூளில் பாஸ்பேட்! அன்றிலிருந்து 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்த கண்ணாடியைத்தான் தொடுகிறேன்.

வடிநீர் பிபிஎம்மை 50ஆலும், நீர்த்திருந்தால் அந்த மடங்காலும் பெருக்குங்கள். கிலோவுக்கு எத்தனை மி.கி. என்று வரும். எரித்ததிலிருந்து எரிக்காததைக் கழித்தால் விடை. இரண்டு பெரிய எண்ணைக் கழித்துச் சிறியதை எடுக்கிறோம், ஆகவே ஒவ்வொரு மண்ணையும் மூன்று தடவையாவது செய்யுங்கள்.

நம் ஊர்ச் செம்மண்ணில் ஒரு வம்பு உண்டு. இரும்பு ஆக்சைடு பிடித்து வைத்திருக்கும் கனிமப் பாஸ்பேட்டும் சூட்டில் இளகி அமிலத்தில் இறங்கிவிடும், விடை கூடுதலாக வரும். ஒரே வயலில் எரு போட்ட பாத்தியையும் போடாததையும் ஒப்பிட இது போதும். கரிமப் பாஸ்பரஸில் பைட்டேட் (விதைகளில் பாஸ்பரஸ் சேமிக்கப்படும் சேர்மம்) எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால், சோடியம் ஹைட்ராக்சைடும் ஈடிடிஏவும் (உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) சேர்த்து வடித்து, பாஸ்பரஸ் சேர்மங்களை வகைவகையாகக் காட்டும் காந்தக் கருவியான பாஸ்பரஸ் என்எம்ஆருக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.