ஆன்லைன் போக்கர் கற்க எந்த ஆட்ட வடிவில் தொடங்குவது?

போக்கர் செயலியைத் திறந்ததும் கேஷ் மேசை, டோர்னமென்ட், சிட் அண்ட் கோ, டர்போ, ஒமாஹா என்று ஒரு பட்டியல் நீளும். புதிதாக வருபவர் பெரும்பாலும் கூட்டம் அதிகமுள்ள மேசையில் போய் உட்கார்ந்துவிடுகிறார். கற்க வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் வடிவத்தைக் கொஞ்சம் யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு முதல் முடிவைச் சட்டமே எடுத்துவிட்டது. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பிரித்துப் பார்க்காமல், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்கிறது. ஆகவே இலவச சிப்களை (பந்தயத்துக்கு வைக்கும் வில்லைகளை) வைத்துத்தான் பழக வேண்டும். சிப்களைக் காசு கொடுத்து வாங்கச் சொல்லும் அழைப்புகளையும் ஒதுக்கிவிடலாம், கற்பதற்கு அவை தேவையே இல்லை. ஆனால் பணம் இல்லை என்பதே எந்த வடிவம் சிறந்தது என்ற கேள்விக்கான விடையையும் மாற்றிவிடுகிறது.

ஆட்ட வகையில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத நோ லிமிட் டெக்சாஸ் ஹோல்டெம் போதும். கையில் 2 சீட்டுகள், மேசையில் பொதுவாக 5 சீட்டுகள். தொடக்கக் கைகள், அதாவது முதலில் கிடைக்கும் சீட்டுச் சேர்க்கைகள், 1,326 வந்தாலும், எந்தச் சின்னம் என்பதை விட்டு இரண்டும் ஒரே சின்னமா இல்லையா என்று மட்டும் பார்த்துத் தொகுத்தால் 169 வகைதான். ஒமாஹாவில் 4 சீட்டுகள் கைக்கு வரும், அவற்றில் சரியாக 2-ஐ மட்டுமே பயன்படுத்த வேண்டும், தொடக்கக் கைகளோ 2,70,725. தன் கையில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதிலேயே நேரம் போய்விடும்.

அடுத்தது வடிவம். கேஷ் மேசையில் தொடங்குங்கள் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை. அங்கே பிளைண்ட், அதாவது ஒவ்வொரு கையிலும் இருவர் சீட்டு வருமுன் கட்டாயமாக வைக்கும் சிறிய, பெரிய தொகைகள், உயர்வதில்லை. பெரிய பிளைண்டைப் போல் 100 மடங்கு சிப்களுடன் உட்கார்ந்தால், ஒரே மாதிரியான நிலைமை திரும்பத் திரும்ப வரும், தவறுகளை ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும். பணம் புழங்கும் இடத்தில் இது சரியான வாதம். இலவச மேசையிலோ, தோற்றவருக்குச் சிப்கள் மறுபடியும் கிடைத்துவிடுகின்றன என்பதால், சீட்டைப் பார்க்காமலேயே மூன்று நான்கு பேர் ஆல் இன் (கையிலுள்ள சிப்கள் அனைத்தும்) போடுவார்கள். யாரும் ஃபோல்டு செய்யாத, அதாவது சீட்டைக் கைவிடாத இடத்தில், பலவீனமான சீட்டை வைத்துக்கொண்டு எதிராளியை விலக வைக்கும் பிளஃப் என்ற கலையைப் பழகவே முடியாது.

அதனால் 9 பேர் ஆடும் ஒற்றை மேசை சிட் அண்ட் கோவையே நான் பரிந்துரைப்பேன். இருக்கைகள் நிரம்பியதும் ஆட்டம் தொடங்கும். சிப்களை இழந்தவர் திரும்ப முடியாது. பணம் இல்லாவிட்டாலும் வெளியேற நேரிடும் என்ற அச்சம் ஆட்டக்காரர்களை ஓரளவு யோசிக்க வைக்கிறது. முதல் சில கைகளில் ஓரிருவர் கண்மூடித்தனமாக ஆல் இன் போட்டு வெளியேறுவார்கள். அதுவரை பொறுத்திருந்தால் மிச்சமுள்ளவர்கள் ஒழுங்காக ஆடக் காணலாம்.

இன்னொரு நன்மை, ஒரே ஆட்டத்தில் பல கட்டங்களைப் பார்த்துவிடலாம் என்பது. 1,500 சிப்களும் 10-20 பிளைண்டும் கொண்டு தொடங்கினால், கையில் 75 பெரிய பிளைண்ட் இருக்கும். ஃப்ளாப் (முதல் 3 பொதுச் சீட்டுகள்), டர்ன் (நான்காவது), ரிவர் (ஐந்தாவது) வரை நிதானமாக ஆட இடமுண்டு. பிளைண்ட் 100-200 ஆகும்போது அதே 1,500 வெறும் ஏழரைப் பெரிய பிளைண்டாகச் சுருங்கிவிடும். அந்த நிலையில் சிறிய ரெய்ஸ் (பந்தய உயர்வு) போட்டுவிட்டுப் பின்வாங்குவது சிப்களைத் தானமாகக் கொடுப்பதற்குச் சமம். ஆல் இன் அல்லது ஃபோல்டு, இரண்டில் ஒன்றுதான். பரிசு 50, 30, 20 சதவீதமாகப் பிரிக்கப்படும் மேசையில் 4 பேர் மிஞ்சும்போது, அடுத்து வெளியேறுபவருக்கு எதுவும் கிடைக்காது என்பதால், நல்ல சீட்டையும் சில நேரம் விட்டுவிட வேண்டிய நியாயம் புரியத் தொடங்கும்.

கணக்குப் பழகவும் இதுவே நல்ல இடம். கையில் 2 இஸ்பேட், மேசையில் டர்ன் வரை 2 இஸ்பேட், பாட் (நடுவில் சேர்ந்த சிப்கள்) 300 என்று வைத்துக்கொள்வோம்; இன்னொரு இஸ்பேட் வந்தால் ஐந்தும் ஒரே சின்னமாகி வலுவான கை அமையும். எதிராளி 150 போடுகிறார். 150 கொடுத்தால் மொத்தம் 600 ஆகும் பாட் தொகைக்காக நாம் போட்டியிடுகிறோம், ஆக 25 சதவீத வாய்ப்பாவது வேண்டும். பார்க்காத 46 சீட்டுகளில் 9 இஸ்பேட் மீதமிருக்கின்றன. அது 20 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. பிறகு கூடுதலாகச் சிப்கள் கிடைக்கும் என்ற உறுதி இல்லையென்றால் ஃபோல்டு செய்வதே சரி.

டர்போ வேண்டாம், பிளைண்ட் வேகமாக உயர்வதால் யோசிக்கும் கட்டம் வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். 2003-இல் அமெரிக்கரான கிறிஸ் மணிமேக்கர் 86 டாலர் ஆன்லைன் தகுதிச் சுற்றிலிருந்து போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் வென்ற கதை பலரைப் பல மேசைகள் கொண்ட பெரிய டோர்னமென்ட் பக்கம் இழுக்கிறது. ஆனால் மணிக்கணக்கில் ஆடியும் இறுதி மேசையைத் தொடுவது அபூர்வம், எனவே கடைசிக் கட்டப் பயிற்சி அங்கே கிடைக்காது. ஃபோல்டு செய்ததும் வேறு மேசைக்கு மாற்றிவிடும் அதிவேக வடிவத்தில் எதிராளியைக் கவனிக்கவே வழியில்லை.

சிட் அண்ட் கோ கைவந்த பிறகு கேஷ் ஆட்டத்துக்குப் போகலாம், ஆனால் பொது மேசைக்கு அல்ல. தெரிந்த ஐந்தாறு பேரைச் சேர்த்து, செயலியில் தனி மேசை அமைத்து, ஆளுக்கு 100 பெரிய பிளைண்ட் இலவச சிப்கள், ஒரே ஒரு முறைதான் மறுபடியும் நிரப்பலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஆட்டப் பதிவைச் சேமித்து வைத்து, பெரிய பாட்களை மறுநாள் எல்லோரும் சேர்ந்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.