மரக் கடிகாரம் செய்கிறீர்களா? பின்பக்கத்தையும் கவனியுங்கள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக்கில் சுவர்க் கடிகாரம் செய்யலாம். ஆனால் ஐப்பசி மழையில் பலகை ஈரத்தை இழுத்து வளைந்துவிடும். முகப்புக்கு மட்டும் வார்னிஷ் அடித்துப் பின்பக்கத்தை அப்படியே விட்டால் இன்னும் மோசம். இரண்டு பக்கமும், விளிம்பிலும், முள்ளின் தண்டு போகும் நடுத் துளைக்குள்ளும் ஒரே மாதிரி அடியுங்கள். அதற்கு முன் பலகையைச் சில வாரம் வீட்டுக்குள் காற்றாட வையுங்கள். அடுப்போரம் வைத்து அவசரப்படுத்தினால் வெடிக்கும்.

அப்புறம் மெஷின், அதாவது பேட்டரியில் ஓடி முள்ளைச் சுற்றும் சின்னப் பெட்டி. குவார்ட்ஸ் மெஷினின் மரைத்தண்டு, நட்டு போடும் அளவுக்கு முன்னால் நீள வேண்டும். 18 மி.மீ. தடிமன் பலகைக்குக் குட்டைத் தண்டு பத்தாது. மெஷின் உட்காரும் இடத்தைப் பின்னாலிருந்து உளியால் குடைந்து மெலிதாக்குங்கள். துளைக்கு 8 மி.மீ. பிட் பெரும்பாலும் சரி, இருந்தாலும் தண்டை அளந்துவிட்டே துளையிடுங்கள்.