செல் உயிரியல் ஆய்வகத்தில் நுழையும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளநிலைப் படிப்பிலேயே ஆய்வகத்துக்குள் போக விரும்புபவர்கள் பெரும்பாலும் முதல் மின்னஞ்சலிலேயே சறுக்குகிறார்கள். ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றி எல்லாப் பேராசிரியர்களுக்கும் அனுப்பினால் பதில் வருவது அரிது. நீங்கள் எழுதும் பேராசிரியருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, புரியாத ஒரு படத்தைப் பற்றி இரண்டு வரி கேளுங்கள். வாரத்தில் எந்தெந்த நேரம் வர முடியும் என்பதையும் எழுதிவிடுங்கள். செல்கள் உங்கள் தேர்வு அட்டவணையைப் பார்த்து வளர்வதில்லை.

பெரிய பெயருள்ள ஆய்வகம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். தினமும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கப்போகும் முனைவர் பட்ட மாணவர் யார் என்று விசாரிப்பது அதைவிட முக்கியம்.

உள்ளே போனபின் அதிகம் கெடுவது செல் கல்ச்சரில், அதாவது செல்களை உடலுக்கு வெளியே வளர்க்கும் வேலையில்தான். ஃபிளாஸ்கில் ஒட்டியிருக்கும் செல்களைப் பிரிக்கும் நொதியான டிரிப்சினை ஊற்றிவிட்டுக் கைப்பேசியை எடுப்பவர்கள் உண்டு. சில நிமிடங்களில் செல்கள் உருண்டு, தட்டினால் கழன்றுவரும். அப்போதே சீரம் (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) கலந்த மீடியத்தை, அதாவது செல்கள் வளரும் ஊட்டநீரை, ஊற்றி டிரிப்சினை அடக்க வேண்டும். தாமதித்தால் செல்லின் மேற்பரப்புப் புரதங்களையும் அது அரித்துவிடும். கடிகாரத்தை மட்டும் நம்பாமல் நுண்ணோக்கியில் பாருங்கள்.

பெனிசிலின் கலந்திருக்கிறோம், தொற்று வராது என்ற நினைப்பு இன்னும் ஆபத்தானது. பெனிசிலின் தாக்குவது பாக்டீரியாவின் செல்சுவரை. மைக்கோபிளாஸ்மா என்ற மிகச்சிறிய பாக்டீரியாவுக்குச் செல்சுவரே கிடையாது. அது புகுந்தாலும் மீடியம் பொதுவாகக் கலங்காது, சாதாரண நுண்ணோக்கியிலும் தெரியாது, ஆனால் முடிவுகள் தடம் மாறும். அதன் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனையைக் குறித்த இடைவெளியில் செய்தே ஆக வேண்டும்.

கிருமி நுழையாதபடி வடிகட்டிய காற்று வீசும் ஹூட்டில் இரண்டு செல் வரிசைகளை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல் வகைகளை) ஒரே நேரத்தில் திறப்பதும், ஒரே மீடியம் பாட்டிலை இரண்டுக்கும் பயன்படுத்துவதும் கூடாது. வெவ்வேறு திசுக்களிலிருந்து வந்தவை என்று நம்பப்பட்ட 18 மனிதச் செல் வரிசைகளில் வேகமாக வளரும் புற்றுநோய்ச் செல்களான ஹீலா செல்கள் கலந்திருக்க வேண்டும் என்று 1966-இல் ஒரு மாநாட்டில் மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் எடுத்துச் சொன்னார். அறையிலிருந்த பலருக்கு அது கசப்பாகத்தான் இருந்திருக்கும்!

ஒரே ஃபிளாஸ்கிலிருந்து வளர்ப்புத் தட்டின் மூன்று குழிகளில் செல்களைப் போட்டு அளந்துவிட்டு, சோதனையை மூன்று முறை செய்ததாக எழுதுவதும் தவறு. அது உங்கள் பிப்பெட்டிங் (திரவத்தை அளந்து எடுத்து விடுவது) எவ்வளவு சீராக இருக்கிறது என்பதைத்தான் காட்டும். வேறு வேறு நாட்களில், தனித்தனியாக வளர்த்த செல்களில் மறுபடி செய்யுங்கள்.

குறிப்பேட்டை மாலையில் நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். பாசேஜ் எண் (செல்களை எத்தனை முறை புது ஃபிளாஸ்குக்கு மாற்றியாயிற்று என்பது), சீரத்தின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), செல்களை வெதுவெதுப்பாக வைக்கும் இன்குபேட்டர் பெட்டியின் கதவு திறந்து கிடந்தது உட்பட அப்போதைக்கப்போது எழுதுங்கள். ஃபிளாஸ்கில் பூஞ்சை தெரிந்தால், திறக்காமல், மூத்தவரை உடனே கூப்பிடுங்கள். அதே இன்குபேட்டரில் அவருடைய செல்களும் இருக்கின்றன.