பைன் கூம்பும் ஆரஞ்சு வில்லையும்: கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையால் செய்த அலங்காரங்களை மரத்தில் தொங்கவிடும் அன்று எல்லாமே அழகாகத்தான் இருக்கும். சில நாள் போனபிறகுதான் வண்டவாளம் தெரியும். ஆரஞ்சு வில்லையின் ஓரத்தில் பூசணம் பிடித்திருக்கும், மரவில்லை நடுவரை பிளந்திருக்கும், பைன் கூம்புக்கு நேர் கீழே சிறு பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். செய்முறையில் பெரிய குறை ஒன்றும் இருக்காது. பொருள் காய்வதற்கு முன்பே அவசரப்பட்டிருப்போம், அவ்வளவுதான். இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் ஈரத்தில் போய்த்தான் முடிகின்றன.

பைன் கூம்பிலிருந்தே தொடங்கலாம். கீழே கிடந்ததைப் பொறுக்கி வந்து, மண்ணைத் தட்டிவிட்டு, நேராக பெயின்ட் அடிப்பவர்கள்தான் அதிகம். கூம்பின் செதில்களுக்கு இடையில் பூச்சியும் முட்டையும் பிசினும் இருக்கும். வீட்டுக்குள் சூடு பட்டதும் எல்லாம் வெளியே வரும். அலுமினியத் தாள் விரித்த தட்டில் கூம்புகளை இடைவெளி விட்டுப் பரப்பி, ஓவனில் 90 முதல் 100 டிகிரி செல்சியஸில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வையுங்கள். பூச்சிகள் சாகும், பிசின் உருகிப் படிந்து லேசாகப் பளபளக்கும். பிசின் தீப்பற்றும் பொருள் என்பதால் அந்த நேரம் முழுக்கப் பக்கத்திலேயே இருங்கள். மைக்ரோவேவில் வைக்கவே வேண்டாம்.

கூம்புக்கு இன்னொரு குணமும் உண்டு. ஈரம் பட்டால் செதில்கள் மூடிக்கொள்ளும், காய்ந்தால் மறுபடி விரியும். மரத்திலிருந்து விழுந்த பிறகும் இது நிற்பதில்லை. கழுவியதும் மூடிக்கொண்ட கூம்பில் அப்படியே மணிகளையும் காய்ந்த பூக்களையும் ஒட்டுகிறோம். பிறகு அது காய்ந்து விரியும்போது ஒட்டியதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெறித்து விழுகிறது. பழியைப் பசை மேல் போடுகிறோம். முழுதாக விரிந்து நின்ற பிறகே அதில் கைவைக்க வேண்டும்.

ஆரஞ்சு வில்லையில் தவறு கத்தியிலேயே ஆரம்பிக்கிறது. மெல்லியதாக அரிந்தால் காயும்போது கிழியும், தடிமனாக அரிந்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் தங்கும். 5 அல்லது 6 மில்லிமீட்டர் சரியான அளவு. இரண்டு பக்கமும் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, கம்பித் தட்டில் பரப்பி, இதற்கும் 90 முதல் 100 டிகிரிதான். மூன்று நான்கு மணி நேரம் ஆகும், சில பழங்களுக்கு இன்னும் கூடுதலாக. நடுவே பலமுறை திருப்பிப் போட வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று சூட்டை ஏற்றினால் பழத்தின் சர்க்கரை கருகி வில்லை பழுப்பாகிவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி மாதிரி ஒளிர வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனை பாடு.

காய்ந்துவிட்டதா என்று சூடாக இருக்கும்போது பார்க்காதீர்கள், அப்போது எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும். ஆறியபின் நடுச்சுளையை விரலால் அழுத்துங்கள். விரலில் ஒட்டினால் இன்னும் காயவில்லை. அரைகுறையாகக் காய்ந்ததன்மேல் வார்னிஷ் அடிப்பது எல்லாவற்றையும்விட மோசம்: உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூசணத்துக்கு வசதியாகிவிடுகிறது.

மரவில்லைக்கு வருவோம். பச்சைக் கிளையை ரம்பத்தால் அறுத்து அன்றைக்கே வெயிலில் வைத்தால், பட்டையிலிருந்து நடுவரை ஆப்பு வடிவில் ஒரு பிளவு விழும். மரம் காயும்போது நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வளையங்களின் போக்கில் சுருங்கும். அந்த இழுவிசை எங்காவது உடைத்துக்கொண்டுதான் போகும். ஏற்கெனவே பட்டுக் காய்ந்த கிளையை எடுப்பது சுலபமான வழி. பச்சைக் கிளைதான் கிடைத்ததென்றால், அறுத்த வில்லைகளைக் காற்றோட்டமான நிழலில் அடிக்கடி திருப்பிவிட்டு மெதுவாகக் காயவிடுங்கள். குறுக்காக அறுக்காமல் சாய்வாக அறுத்தாலும் பிளவு குறையும். எழுதுவதற்கு முன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷை ஒரு மெல்லிய பூச்சு கொடுத்துக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் அறுத்த முகத்தில் இருக்கும் நுண்குழல்கள் மார்க்கர் மையை உறிஞ்சி எழுத்தைக் கசியவிடும்.

வைக்கோல் நட்சத்திரம் மட்டும் இதற்கு நேர்மாறு. ஜெர்மனியிலும் வடக்கு ஐரோப்பிய நாடுகளிலும் பாரம்பரியமாகச் செய்யப்படும் இதில், காய்ந்த வைக்கோலை அப்படியே மடக்கினாலோ பிளந்தாலோ நொறுங்கிவிடும். வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரமாவது ஊறவைத்து, பதமானபின் பிளந்து, இஸ்திரிப் பெட்டியால் தட்டையாக்கிக்கொள்ள வேண்டும்.

உப்பு மாவு: இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு தூள் உப்பு, ஏறக்குறைய ஒரு பங்கு தண்ணீர். தண்ணீரை மொத்தமாகக் கொட்டாமல் பார்த்துப் பார்த்துச் சேருங்கள். பேக்கிங் பவுடர் கலந்து வரும் மாவை எடுத்தால் உப்பி உருக்குலைந்துவிடும். கயிறு கோக்கும் துளையைக் காயவைக்கும் முன்பே போட்டுவிடுங்கள். வீட்டில் நாய் இருந்தால் இவற்றை அதற்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. இதிலுள்ள உப்பின் அளவு நாயின் உயிருக்கே ஆபத்து.

நாயைச் சொன்னதும் குழந்தைகளையும் சொல்ல வேண்டும். சிவப்பாக ஏதாவது வேண்டும் என்று தேடுபவர்களின் கை முதலில் போவது குன்றிமணிக்குத்தான். அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. மேலோடு கெட்டியாக இருக்கும்வரை ஓரளவு பாதுகாப்பு; கோப்பதற்காக டிரில்லால் துளையிட்டால் அந்தப் பாதுகாப்பும் போயிற்று, தூளும் பறக்கும். ஆமணக்கு விதைக்கும் இதே எச்சரிக்கைதான். கிறிஸ்துமஸ் அலங்காரச் செடிகளான ஹோலி, மிசில்டோ இவற்றின் பழங்களைக் குழந்தை எட்டும் உயரத்தில் கட்டாதீர்கள். இறகு பொறுக்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டப்படி, பெரும்பாலான காட்டுப் பறவைகளின் இறகைக் கீழே கிடந்து எடுத்தாலும் குற்றம்.

உருக்கி ஒட்டும் ஹாட் க்ளூவை எல்லாவற்றுக்கும் நம்பாதீர்கள். தூசி, பிசின், சொரசொரப்பான பட்டை இவற்றின்மேல் அது சரியாகப் பிடிக்காது, சூட்டில் இளகவும் செய்யும். கனமான கூம்புக்கு அடிச்செதில்களைச் சுற்றி மெல்லிய கம்பி கட்டி, அதில் சணல் கயிற்றைக் கோப்பதுதான் நிற்கும். மரவில்லைக்குத் துளைதான், பின்னால் ஒட்டிய கயிறு ஒருநாள் கையோடு வரும்.

கடைசியில் கிளிட்டர். இவ்வளவு மெனக்கெட்டு இயற்கைப் பொருளைச் சேர்த்துவிட்டு மேலே பிளாஸ்டிக் தூளைத் தூவுவது எனக்குப் புரிந்ததேயில்லை. ஐரோப்பிய ஒன்றியம் நுண்பிளாஸ்டிக் கட்டுப்பாட்டின் கீழ் 2023 அக்டோபரிலிருந்து பிளாஸ்டிக் கிளிட்டரைத் தூளாக விற்பதற்குத் தடை போட்டது. கூம்பின் செதில் நுனிகளில் மட்டும் கொஞ்சம் வெள்ளை பெயின்டைத் தூரிகையால் தொட்டு வையுங்கள், பனி விழுந்ததுபோல இருக்கும். இலவங்கப்பட்டை, அன்னாசிப்பூ, கிராம்பு, பழம், இலை என்று கிடைத்த அத்தனையையும் ஒரே தொங்கலில் கட்டாதீர்கள். இரண்டு பொருள் போதும்.

இவை எல்லாமே காய்ந்த சருகுக்குச் சமம். மெழுகுவர்த்தியின் பக்கம் போகக் கூடாது. மரத்தில் சூடாகும் பழைய பல்புகளுக்குப் பதில் எல்இடி விளக்குகளைப் போடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அனுப்ப நினைத்தால் அந்த நாட்டு விதிகளை முதலில் பாருங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் தாவரப் பொருட்களுக்குக் கட்டுப்பாடு கடுமை; எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

பண்டிகை முடிந்து எடுத்துவைக்கும்போது பாலித்தீன் உறை வேண்டாம். அட்டைப் பெட்டியில் மெல்லிய காகிதம் சுற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள். உப்பு மாவுத் தொங்கல்களைத் தனித்தனியாகச் சுற்ற வேண்டும், ஒன்றோடொன்று இடித்தால் உடையும். பிசுபிசுக்கத் தொடங்கிய ஆரஞ்சு வில்லைகளை மட்டும் பெட்டிக்குள் சேர்க்காதீர்கள். எறும்பும் பூசணமும் மற்றவற்றுக்கும் பரவிவிடும். அடுத்த ஆண்டுக்குப் புதிதாக அரிந்து காயவைத்துக்கொள்ளலாம்.