2038 ஜனவரி 19, காலை 8.44: அலுவலகக் கணினிகளை இப்போதே தயார்செய்வது எப்படி?

2038 ஜனவரி 19 ஒரு செவ்வாய்க்கிழமை. தைப்பொங்கல் முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். கொழும்பு நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியைத் தாண்டியதும், பழைய மென்பொருள்கள் பலவற்றில் தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

காரணம் எளிது. யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்த மென்பொருள்கள், 1970 ஜனவரி 1 தொடங்கி எத்தனை விநாடி கழிந்தது என்ற எண்ணைத்தான் நேரமாக வைத்திருக்கின்றன. அதற்கு 32 பிட் இடம், அதாவது 0 அல்லது 1 எழுதும் 32 கட்டங்கள் மட்டும் ஒதுக்கியிருந்தால் 2147483647-க்கு மேல் எண்ண முடியாது. அடுத்த விநாடியே எண் எதிர்மறையாகப் புரண்டுவிடும்.

இன்னும் காலம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். எதிர்காலத் தேதியைப் பதியும் இடங்களில் சிக்கல் இன்றைக்கே வரலாம். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: எதிர்காலத் தேதிகள்

சம்பள மென்பொருளைத் திறவுங்கள். இலங்கையில் ஊழியர் சேமலாப நிதியைப் பெறப் பெண்களுக்கு 50 வயது, ஆண்களுக்கு 55 ஆக வேண்டும். 1990-இல் பிறந்த பெண் ஊழியருக்கு அந்தத் தேதி 2040-இல் வருகிறது. 20 வருடக் கடனின் கடைசித் தவணையும் அப்படித்தான். 2040 தேதியோடு ஒரு சோதனைப் பதிவைப் போட்டு, சேமித்து, மூடி, மறுபடி திறந்து, அச்சிட்டும் பாருங்கள். தேதி மாறியோ வெறுமையாகவோ வந்தால், மென்பொருள் தந்தவருக்கு அன்றே எழுத்தில் அறிவியுங்கள்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: தேதிகள் எந்த வகையில் இருக்கின்றன? டைம்ஸ்டாம்ப் வகை அந்த 2038 விநாடியோடு நின்றுவிடும். டேட்டைம் வகை 9999 வரை போகும்.

படி 2: பட்டியல்

கடிகாரம் உள்ள எல்லாவற்றையும் எழுதுங்கள்: சிசிடிவி பெட்டி, கைரேகை மெஷின், ரூட்டர், பில் மெஷின். மாடல், மென்பொருள் பதிப்பு, கடைசியாக அப்டேட் வந்த வருடம், பராமரிப்பவர் யார் என்பதையும் சேருங்கள். புறக்கோட்டை மொத்தக் கடையோ கொள்ளுப்பிட்டி கம்பனியோ, எனக்குப் பெரிய கவலை இவைதான். மேசைக் கணினியை எப்படியும் மாற்றுவோம்; சுவரில் மாட்டிய பெட்டி வேலை செய்யும்வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

படி 3: 64 பிட்டா?

நேரத்துக்கு 64 பிட் இடம் இருந்தால் எண் இப்படிப் புரளாது. கணினி 64 பிட்டா என்பது விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், எபவுட் என்று போனால் தெரியும். ஆனால் இயங்குதளம் 64 பிட் என்பதாலேயே அதில் ஓடும் பழைய மென்பொருள் சரியாகிவிடாது. 32 பிட் லினக்ஸ் கருவிகளுக்கு, 2020-இல் வந்த கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 5.6 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். அதன்மேல் ஓடும் நிரல்களும் புதிதாகத் தொகுக்கப்பட்டிருக்க வேண்டும்.

படி 4: சோதனை

தயவுசெய்து ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் தேதியை மாற்றாதீர்கள். உரிமங்கள் காலாவதியாகும், லாகின் மறுக்கப்படும். அதைவிட மோசம், பழைய பேக்கப்பைத் தானாக அழிக்கும் நிரல் எல்லாவற்றையும் பழையது என்று நினைத்து அழித்துவிடலாம். தனிக் கணினியில் ஒரு நகல் எடுங்கள். நெட்வொர்க்கைத் துண்டித்து, நேரம் தானாகச் சரியாகும் வசதியையும் நிறுத்துங்கள். அப்புறம் கடிகாரத்தை 2038 ஜனவரி 19 காலை 8.40-க்கு வைத்து, 8.44 தாண்டும்வரை பில் போடுங்கள், அறிக்கை எடுங்கள். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தும் பாருங்கள். முடிந்ததும் அந்த நகலை அழித்துவிடுங்கள்.

இணையத்தில் நேரத்தைச் சரிபார்க்கும் என்டிபி முறையின் எண்ணிக்கை இதற்கு முன்பே, 2036 பெப்ரவரி 7 முற்பகல் 11.58-க்குச் சுழியத்துக்குத் திரும்புகிறது. நேரம் தானாகச் சரியாகும் வசதியை நிறுத்திச் செய்யும் இந்தச் சோதனையில் அது தெரியாது; கருவி தந்தவரிடம் அந்த நாளைப் பற்றியும் கேளுங்கள்.

படி 5: இனி வாங்குபவை

கொள்வனவுக் கட்டளையில் ஒரு வரி சேருங்கள்: "2036, 2038 தேதி மாற்றங்களின்போது இக்கருவி சரியாக இயங்கும் என விற்பவர் உறுதியளிக்கிறார்." கையெழுத்து வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.